காணாமல் போன கத்தி

வீட்டில் ஒரு சாமான் காணாமல் போய்விட்டால் நாம் என்ன செய்வோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் பீரோவைக் கவிழ்ப்போம். பிறகு அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவுவோம். அப்புறம் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் ஒரு தினுசாகப் பார்ப்போம். கடைசியில் அந்த மோதிரமோ சாவியோ குளியலறை மாடத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால், காணாமல் போன சாமான் பீரோவிலோ பானையிலோ பூமியின் வேறு எந்த மூலையிலோ என்றைக்குமே இருந்ததில்லை என்றால்? அதை எங்கே போய்த் தேடுவது?

விடுகதை போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சென்ற பொங்கலன்று நைனார்பாளையத்தில் என் நாத்தனார் வீட்டில் இந்தக் கேள்விதான் திண்ணையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நைனார்பாளையம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் தாலுகாவில் இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் விளைகிற சீமை. நாத்தனாரின் பிள்ளை ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். கரும்பும் கையுமாகத் தெருவில் திரிய வேண்டிய பையன், பொங்கலும் வேண்டாம் வடையும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, இவன நீங்களாவது என்னன்னு கேளுங்க. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி வாயில படல. கேட்டா கத்தி போச்சு, சட்டை போச்சுங்கறான்" என்றாள் நாத்தனார்.

"எந்தச் சட்டைடா? கொடியில காயப் போட்டதா?" என்று கேட்டேன்.

"போங்க அத்தை! அது போன்ல இருக்கற சட்டை" என்றான்.

விஷயம் இதுதான். செல்போனில் ஊர் பேர் தெரியாத பலர் ஒரே சமயத்தில் சேர்ந்து விளையாடுகிறார்களே, அந்த வகை விளையாட்டு. அதில் இவனுக்கு ஒரு தங்கக் கத்தி இருந்தது. இறக்கை வைத்த சட்டை ஒன்று இருந்தது. கொஞ்சம் 'வைரம்' இருந்தது. ஒன்றரை வருஷ உழைப்பு! அதோடு, பாட்டி கொடுத்தது, மாமன் கொடுத்தது என்று சேர்த்து, அம்மாவின் செல்போன் மூலமாகவே சிறுகச் சிறுகக் கட்டிய 1,800 ரூபாய். போகிக்கு முன்தினம் விளையாட்டில் அறிமுகமான ஒரு புண்ணியவான், "இலவசமாக வைரம் வாங்கித் தருகிறேன், பாஸ்வேர்டைச் சொல்லு" என்றானாம். இவனும் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் கத்தியும் இல்லை, சட்டையும் இல்லை, வைரமும் இல்லை.

"இல்லாத கத்திக்கு எதுக்குடா இப்படி அழுவுற?" என்றாள் தாய்.

"காசு இருந்துச்சில்ல?" என்றான் பிள்ளை.

இந்தப் பதிலுக்கு எனக்கு மறுபதில் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால், நம் பாங்கிப் பணம் மட்டும் என்ன வாழ்கிறது? அதையும் யாரும் ஒரு பெட்டியில் நம் பெயர் எழுதி வைத்திருக்கவில்லை. அதுவும் எங்கேயோ ஒரு கணக்கில் இருக்கிற எண்தான். அது காணாமல் போனால் நாம் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போமா?

*

அந்தக் கத்தி உண்மையில் எங்கேதான் இருக்கிறது?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் மளிகைக் கடைகளில் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று நாள்வழி, மற்றது பேரேடு. யார் வந்தார், என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்று நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவது நாள்வழி. இன்னார் வீட்டுக் கணக்கில் இன்றைய நிலுவை இவ்வளவு என்று பெயர் வாரியாக எடுத்து எழுதுவது பேரேடு. பேரேட்டைக் கரையான் தின்றுவிட்டாலும் கெட்டிக்காரச் செட்டியார் கலங்க மாட்டார். நாள்வழி கையில் இருக்கிற வரையில், முதல் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து புதுப் பேரேடு எழுதிவிடலாம். நாள்வழி போய்விட்டால்தான் அவருக்கு நெஞ்சு வலி வரும்.

விளையாட்டுக் கம்பெனியின் சர்வரிலும் இதே இரண்டு நோட்டுகள்தான். பையனின் பெயருக்கு எதிரே 'தங்கக் கத்தி 1, இறக்கைச் சட்டை 1' என்று எழுதியிருக்கிறதே, அதுதான் கத்தி, அதுதான் சட்டை. செல்போனில் பளபளவென்று சுழல்வதெல்லாம் அந்த ஒரு வரிக்குப் போட்ட அலங்காரம். திருடன் செய்தது என்ன? பையனைப் போல உள்ளே நுழைந்து, அந்த வரியைத் தன் பெயருக்கு எதிரே மாற்றிக்கொண்டான். ஆனால் அப்படி மாற்றியபோது நாள்வழியில் அதுவும் ஒரு வரியாக ஏறிவிட்டது. எந்தக் கணக்கு, எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிஷம், எந்தக் கருவியிலிருந்து, எந்த இன்டர்நெட் விலாசத்திலிருந்து, எந்தச் சாமான், யாரிடமிருந்து யாருக்கு என்று அத்தனையும் அதில் இருக்கும். இங்கிலீஷில் இதற்கு 'லாக்' என்று பெயர். நமக்கு நாள்வழி என்ற சொல்லே போதும்.

இந்த நாள்வழி சாஸ்திரத்தைக் கம்ப்யூட்டர் உலகத்துக்குச் செப்பனிட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சி. மோகன் என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு 1977-ல் அமெரிக்கா சென்று, பிறகு ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். அவரும் அவருடைய சகாக்களும் 1992-ல் 'ஏரீஸ்' என்ற முறையை விவரித்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அதன் சாரத்தை நம் பாஷையில் இப்படிச் சொல்லலாம். பேரேட்டைத் தொடுவதற்கு முன்னால் நாள்வழியில் எழுது. திடீரென்று மின்சாரம் நின்று எல்லாம் கவிழ்ந்து போனால், நாள்வழியைப் பார்த்து நடந்ததையெல்லாம் மறுபடி அப்படியே நடத்திப் பார். பிறகு, பாதியில் நின்றுபோன காரியங்களை மட்டும் பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டு வா. அப்படி அவிழ்க்கும்போது பழைய வரியை அடித்துத் திருத்தாதே. 'இதை ரத்துச் செய்தேன்' என்று அதையும் ஒரு புது வரியாக எழுது. உலகத்துப் பாங்கிகளின் கணக்குகளைத் தாங்குகிற பெரிய டேட்டாபேஸ்கள் பலவற்றிலும் இந்த முறையோ இதன் வாரிசோ இருக்கிறது. நம் செட்டியார்களும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எதிர்ப்பதிவு போட்டவர்கள்தானே! ஊர்ச் சாமர்த்தியம் எங்கே போய்ப் பட்டம் வாங்குகிறது பாருங்கள்.

நாள்வழி இல்லாமல் வெறும் நகல் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? நேற்று இரவு எடுத்து வைத்த நகலைப் போட்டு, எல்லாவற்றையும் நேற்றைய நிலைமைக்குத் திருப்பிவிடலாம். இவனுடைய கத்தி வந்துவிடும். ஆனால் இன்று காலையில் ஆயிரம் பேர் சம்பாதித்தது போய்விடும். ஒரு வீட்டில் திருடு போனதற்காக ஊர் முழுவதையும் நேற்றைக்குத் தள்ளுவது நியாயமா? அதனால்தான் ஒருவர் கணக்கை மட்டும் தனியாகப் பிரித்துத் திருப்பக்கூடிய நாள்வழி அவசியமாகிறது. மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. கட்டை கட்டையாக அடுக்கி வீடும் கோட்டையும் கட்டுவது. பல பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஊரையே கட்டியிருப்பார்கள். எவனோ ஒரு குறும்பன் வந்து இடித்துவிட்டுப் போவான். இதற்கென்று 'கோர்ப்ரொடெக்ட்' என்ற துணைக்கருவி ஒன்று உண்டு. எந்தக் கட்டையை யார் எப்போது பெயர்த்தார், எந்தப் பெட்டியிலிருந்து யார் என்ன எடுத்தார் என்று அது எழுதி வைத்துக்கொள்கிறது. ஊர்த் தலைவர் ஸ்தானத்தில் இருப்பவர் ஒரு கட்டளை இட்டால் போதும். அந்தக் குறும்பன் ஒரு மணி நேரத்தில் செய்த நாசம் மட்டும் மறைந்து, சுவர்கள் பழையபடி எழுந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய மாடம் அசையாது. நம் ஊர்த் தகராறுகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை வக்கீல்கள் வேலை இழப்பார்கள்!

*

நைனார்பாளையத்துக்கு வருவோம். "கம்பெனிக்கு எழுது. உன் கணக்கில் யார் எப்போது நுழைந்தார் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதை எடு" என்றேன். பையன் தயங்கினான். அழுகிற பிள்ளைக்கு வழி சொன்னால் துள்ளி எழ வேண்டாமோ? இவன் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். எனக்கு விளங்கவில்லை. அவன் தாய் செல்போனை வாங்கி, அவன் வாயாலேயே வழி கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அப்புறம் விளங்கியது.

அதிகாலை 3.25-க்கு வேறு ஏதோ மாநிலத்திலிருந்து, வேறு ஏதோ செல்போனில் யாரோ நுழைந்திருந்தார்கள். அதுதான் திருட்டு. அதற்கு மேல் வரியில் நடுராத்திரி 1.10. அது இவர்கள் வீட்டுச் செல்போன்! அதற்கு முன்தினம் 12.40. அதற்கு முன்தினம் 1.30.

"பத்து மணிக்கே போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டியேடா!" என்றாள் தாய்.

கத்தி வேண்டுமானால் இந்தப் பட்டியலைக் காட்ட வேண்டும். பட்டியலைக் காட்டினால் ராத்திரி வண்டவாளம் வெளியே வந்துவிடும். பதினாலு வயதுப் பிள்ளைக்கு இது சாதாரண தர்மசங்கடமா? காலையிலிருந்து அவன் பட்டினி கிடந்தது கத்திக்காக மட்டும் இல்லை போலிருக்கிறது. நாத்தனார் கோபத்தில் இரண்டு வார்த்தை சொன்னாள். ஆனால் கடிதம் எழுதுவதற்கும் அவளேதான் உட்கார்ந்தாள். செல்போன் அன்றிலிருந்து ராத்திரியில் அவள் தலையணைக்கு அடியில் தூங்குகிறது. கம்பெனியிடமிருந்து பதினோராம் நாள் பதில் வந்தது. கத்தியும் சட்டையும் திரும்பிவிட்டன. வைரங்களைத் திருடன் செலவழித்துவிட்டதால் அவற்றைத் தருவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

*

நாள்வழி இருக்கும்போது எல்லாக் கம்பெனிகளும் கேட்டவுடன் திருப்பித் தந்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது.

'ஸ்டீம்' என்ற பெரிய விளையாட்டுக் கடையை நடத்துகிற வால்வ் கம்பெனி, மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் களவு போவதாக 2015 டிசம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. திருட்டுச் சாமான் நாலைந்து கை மாறி, ஒன்றும் அறியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருப்பார். அவரிடமிருந்து பிடுங்குவது அநியாயம். ஆகவே, இழந்தவருக்கு அதே மாதிரி இன்னொன்றைச் செய்து கொடுத்து வந்தார்கள். விளைவு? உலகத்தில் பத்தே பத்து இருக்க வேண்டிய அபூர்வச் சாமான் இருபது, முப்பது என்று பெருகி அதன் மதிப்பு இறங்கியது. இதைப் பார்த்து, நண்பனிடம் சாமானைக் கொடுத்துவிட்டு "ஐயோ, திருடு போச்சு!" என்று கூவினால் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்குமே என்று யோசிக்கிற புத்திசாலிகளுக்கும் உலகத்தில் பஞ்சமா? கடைசியில் கை விட்டுப் போன சாமானைத் திருப்பித் தருவதில்லை என்று அந்தக் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராப்ட்' விளையாட்டில் வேறு மாதிரி ஏற்பாடு. தவறி விற்றதையும் அழித்ததையும் ஆட்டக்காரரே மீட்டுக்கொள்ளலாம். ஆனால் நினைத்தபோதெல்லாம் முடியாது, சில நாட்களுக்கு ஒரு முறைதான். வால்வ் கம்பெனியும் 2025 ஜூலையில், 'கவுண்டர் ஸ்டிரைக் 2' ஆட்டத்துக்கு மட்டும், கை மாறிய சாமான்களை 7 நாட்களுக்குள் திரும்ப அழைத்துக்கொள்ள வழி செய்தது. அந்த 7 நாளும் வாங்கினவர் அதை வேறொருவருக்குத் தள்ளிவிட முடியாது. கல்யாணத்துக்கு எடுத்த புடைவையைப் பில்லோடு கொண்டு போனால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருகிறார்களே, அந்த மாதிரி.

கம்பெனி மாட்டேன் என்றபோது கோர்ட்டுக்குப் போனவரும் உண்டு. சீன தேசத்தில் லீ ஹோங்சென் என்ற இருபத்து நாலு வயது வாலிபர், 'ஹோங்யுவே' (சிவப்பு நிலா என்று அர்த்தம்) என்ற விளையாட்டில் இரண்டு வருஷமும் 10,000 யுவானும் செலவழித்துச் சேர்த்த ஆயுதங்களை 2003 பிப்ரவரியில் இழந்தார். கம்பெனியிடம் நாள்வழி இருந்தது. சாமான் யார் கணக்குக்குப் போயிற்று என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த ஆசாமி யார் என்று சொல்ல மறுத்தார்கள். வழக்கு நடந்தது. "இதெல்லாம் வெறும் தகவல் குவியல், இதற்கு ஏது விலை?" என்று கம்பெனி வாதாடியது. பெய்ஜிங்கில் சாவ்யாங் வட்டாரக் கோர்ட்டு 2003 டிசம்பர் 18-ல் தீர்ப்புச் சொன்னது: கம்பெனியின் பாதுகாப்பில் ஓட்டை இருந்தது, ஆகவே அந்தச் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும்! காசு வாங்கும்போது பொருளாக இருந்தது, திருப்பிக் கேட்கும்போது மட்டும் காற்றாகிவிடுமா என்பது என் அபிப்பிராயம். நீதிபதிகள் இதைவிடக் கௌரவமான பாஷையில் சொல்லியிருப்பார்கள்.

நெதர்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2007-ல் இரண்டு பையன்கள் தங்களைவிடச் சின்னவனான ஒரு பையனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, 'ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டில் அவனிடம் இருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் பறித்துக்கொண்டார்கள். தாயத்து மாயை, விழுந்த அடி நிஜம். கையால் தொட முடியாததைத் திருட முடியுமா என்று வக்கீல் கேட்டார். அதைச் சேர்க்கப் பையன் செலவழித்த காலமும் உழைப்பும் அதற்கு மதிப்பைத் தந்திருக்கின்றன, ஆகவே இது திருட்டுத்தான் என்று அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2012 ஜனவரி 31-ல் முடிவு செய்தது. இதே கோர்ட்டுத்தான் 1921-ல், மீட்டரை ஓடவொட்டாமல் நிறுத்தி மின்சாரம் எடுத்த ஒரு பல் வைத்தியரின் வழக்கில், மின்சாரத்தையும் திருட முடியும் என்று தீர்ப்பளித்தது.

நம் தேசத்தில் இவ்வளவு சர்ச்சை இல்லாமலே, ஒரே நாளில் கோடிக்கணக்கான பேருடைய சாமான் மறைந்து பிறகு திரும்பியும் வந்தது. 'பப்ஜி மொபைல்' ஞாபகம் இருக்கிறதா? 2020 செப்டம்பர் 2-ல் சர்க்கார் தடை விதித்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அக்டோபர் 30-ல் ஆட்டம் அடியோடு நின்றது. வருஷக்கணக்கில் சேர்த்த சட்டை, தொப்பி, துப்பாக்கி எல்லாம் போயின. பல வீடுகளில் அன்று தாய்மார்கள் தேங்காய் உடைத்திருப்பார்கள். மறு வருஷம் ஜூலை 2-ல் தென் கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி அதையே 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதுப் பெயரில் இறக்கியது. பழைய கணக்கில் நுழைந்து சம்மதம் கொடுத்தவர்களுக்குப் பழைய சாமான்கள் அப்படியே புதுக் கணக்குக்கு வந்தன. அந்த வாய்ப்பு 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. எந்த ஃபேஸ்புக் கணக்கில் பழையபடி நுழைந்தோம் என்பதையே மறந்துவிட்ட பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நாள்வழி பத்திரமாகத்தான் இருந்தது. அதைத் திறக்கிற சாவிதான் தொலைந்து போயிற்று.

*

காசு வைத்து ஆடுகிற சீட்டாட்டங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை வேறு ஜாதி. அவற்றுக்குத் தமிழக சர்க்கார் 2025 பிப்ரவரியில் நடுராத்திரி 12 முதல் காலை 5 வரை தடை விதித்தது. ஆதார் சோதனையும் வைத்தது. அதே வருஷம் ஆகஸ்டில் பாராளுமன்றம் அவற்றை அடியோடு தடுக்கும் சட்டத்தையே நிறைவேற்றிவிட்டது. நான் சொல்வது பிள்ளைகள் பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆட்டங்களைப் பற்றி. அவற்றில் நுழைந்த நேரத்தைக் கேட்க ஆள் இல்லை, நம்மைத் தவிர.

உங்கள் வீட்டிலும் ஒரு கத்தி காணாமல் போனால், முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்கோடு இணைந்த ஈ-மெயிலின் பாஸ்வேர்டையும் கூடவே மாற்றுங்கள். அது திருடன் கையில் இருந்தால் முன்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும்படி கட்டளை கொடுங்கள். கூகிள் கணக்காக இருந்தால், பாதுகாப்பு என்ற பகுதியில் எந்தெந்தக் கருவி எங்கிருந்து நுழைந்திருக்கிறது என்று காட்டும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காசு கட்டியிருந்தால் ரசீதைத் தேடுங்கள். கூகிள் பிளே மூலம் கட்டியவர்களுக்கு 'ஜி.பி.ஏ.' என்று தொடங்கும் எண்ணோடு ரசீது ஈ-மெயிலுக்கு வந்திருக்கும். கணக்கு உங்கள் பிள்ளையுடையதுதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. திருடன் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவான். மூன்று வருஷத்துக்கு முந்திய ரசீதை எங்கே போய்க் கொண்டு வருவான்?

பிறகு கம்பெனிக்கு எழுதுங்கள். கணக்கின் எண், கடைசியாகச் சாமானைப் பார்த்த தேதியும் நேரமும், காணாமல் போனதைக் கண்ட நேரம், சாமான்களின் பெயர், ரசீது எண் இவை போதும். "என் மகன் சாப்பிடவில்லை" என்று உருக்கமாக எழுதுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர், மனிதராகவே இருந்தாலும், நாள்வழியில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்றுதான் பார்ப்பார். தாமதம் கூடாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கெடு உண்டு. பிள்ளைகள் பெரிதும் ஆடுகிற 'ரோப்லாக்ஸ்' கம்பெனி 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நாள்வழியையும் யாரும் காலமெல்லாம் வைத்திருக்க மாட்டார்கள். நம் நாட்டில் கம்ப்யூட்டர் சேவை நடத்துவோர் தங்கள் நாள்வழியை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. பாங்கிக் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் விளையாட்டுக் கம்பெனியின் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள்.

கடிதத்தில் பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள். எந்த நியாயமான கம்பெனியும் அதைக் கேட்காது. சாமான் போன சங்கதியைப் பிள்ளைகள் வெளியே சொல்லி அழுதவுடன், "நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், 500 ரூபாய் அனுப்பினால் மீட்டுத் தருகிறேன்" என்று ஒரு ஆசாமி தேடிக்கொண்டு வருவான். நாத்தனார் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அன்று சாயந்திரமே நைனார்பாளையத்துக்கும் அப்படி ஒருவனிடமிருந்து செய்தி வந்தது. பையன் அதைத் தாயிடம் கொண்டுவந்து காட்டினான்.